டிஸ்க் திணறும்போது எதைக் கேட்பது: ஐஓஸ்டாட், ஐஓடாப், சார், ஏடாப்

சர்வர் இழுக்கிறது என்று தகவல் வருகிறது. உள்ளே போய் டாப் ஓட்டிப் பார்க்கிறோம். சிபியு முக்கால்வாசி சும்மா கிடக்கிறது, மெமரியும் தாராளமாக இருக்கிறது. ஆனால் கோப்புகளைப் பட்டியலிடும் எல்எஸ் அடித்தால்கூடப் பதில் வர நாலைந்து வினாடி ஆகிறது. லோடு ஆவரேஜ் மட்டும் 30-ஐத் தாண்டி நிற்கிறது. பழகியவர்களுக்கு இந்த இடத்திலேயே விஷயம் புரிந்துவிடும்: ப்ராசஸ்கள் ஓடவில்லை, டிஸ்க்கின் வாசலில் வரிசையில் நிற்கின்றன. லினக்ஸின் லோடு ஆவரேஜ் சிபியுவுக்குக் காத்திருப்பவற்றோடு, டிஸ்க்கின் பதில் வரும்வரை எழுப்பவே முடியாத தூக்கத்தில், அதாவது 'டி' நிலையில் கிடப்பவற்றையும் சேர்த்து எண்ணும்.

சரி, டிஸ்க்தான் என்று தெரிந்துவிட்டது. அடுத்து எந்தக் கருவியை எடுப்பது? தேடினால் ஒரு டஜன் பெயர்கள் வரும். எது சிறந்தது என்று கேட்டால் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். அந்தக் கேள்வியே கொஞ்சம் தப்பு என்பது என் எண்ணம். லினக்ஸில் இந்தக் கருவிகளில் பெரும்பாலானவை ஒரே கிணற்றில்தான் தண்ணீர் இறைக்கின்றன. டிஸ்க் வாரியான கணக்குக்கு அந்தக் கிணறு /ப்ராக்/டிஸ்க்ஸ்டாட்ஸ் என்ற கோப்பு. ஒவ்வொரு டிஸ்க்குக்கும் ஒரு வரி: எத்தனை படிப்பு முடிந்தது, எத்தனை எழுத்து முடிந்தது, எத்தனை செக்டார், எத்தனை மில்லிவினாடி செலவானது, இப்போது எத்தனை கோரிக்கை பாக்கி. எல்லாமே கணினி பூட் ஆனதிலிருந்து ஏறிக்கொண்டே போகும் எண்கள். லினக்ஸின் மையமான கெர்னலின் 4.18 பதிப்பில் டிஸ்கார்டு (வேண்டாத பகுதிகளை விடுவிப்பது) கணக்கும், 5.5-இல் ஃப்ளஷ் (தற்காலிகமாக வைத்திருப்பதை நிரந்தரமாக எழுதவைப்பது) கணக்கும் சேர்ந்தன. (நேரடியாக இந்தக் கோப்பைப் படித்துக் கணக்குப் போடுபவர்கள் கவனிக்க: இங்கே செக்டார் என்றால் எப்போதும் 512 பைட்தான், டிஸ்க் உள்ளுக்குள் 4096 பைட் செக்டார் வைத்திருந்தாலும் சரி.)

எல்லோரும் ஒரே எண்ணைத்தான் படிக்கிறார்கள் என்றால் ஒன்றைவிட ஒன்று துல்லியம் என்ற பேச்சுக்கு இடமில்லை. அந்த எண்ணை எப்படித் துண்டு போடுகிறார்கள், யார் கணக்கில் எழுதுகிறார்கள், பிறகு பார்க்கச் சேமித்து வைக்கிறார்களா என்பதில்தான் வித்தியாசம். அதனால் தேர்வு நம் கேள்வியைப் பொறுத்தது. டிஸ்க் உண்மையிலேயே திணறுகிறதா, திணறவைப்பது யார், நான் தூங்கியபோது என்ன நடந்தது, சராசரிக்குப் பின்னால் என்ன ஒளிந்திருக்கிறது: ஒவ்வொன்றுக்கும் கருவி வேறு.

ஐஓஸ்டாட்: முதலில் இதுதான்

செபாஸ்டியன் கோடார் பராமரித்துவரும் சிஸ்ஸ்டாட் தொகுப்பில் வருவது ஐஓஸ்டாட். எந்த லினக்ஸிலும் ஒரே கட்டளையில் நிறுவிவிடலாம். சும்மா ஐஓஸ்டாட் என்று அடித்துப் பார்த்துவிட்டு "எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது" என்று போகிறவர்கள் நிறையப் பேர். அப்படி அடித்தால் வருவது பூட் ஆனதிலிருந்து இன்றுவரையான சராசரி. 200 நாளாக ஓடும் சர்வரில் இந்த ஐந்து நிமிடத் திணறல் அந்தச் சராசரியில் எங்கே தெரியப்போகிறது? இடைவெளி கொடுத்து ஓட்டினாலும் முதல் அறிக்கை இந்தப் பழைய சராசரிதான். அதைக் கண்ணை மூடிக்கொண்டு தாண்டிவிட வேண்டும், அல்லது -ஒய் சேர்த்து அதைத் தவிர்த்துவிட வேண்டும். நான் வழக்கமாக அடிப்பது: ஐஓஸ்டாட் -எக்ஸ்ஒய்இசட் 1. எக்ஸ் விரிவான கணக்குக்கு, இசட் சும்மா இருக்கும் டிஸ்க்குகளை மறைக்க, 1 என்பது வினாடிக்கு ஒருமுறை.

அப்படி ஓட்டியபோது ஒரு பழைய, நிமிடத்துக்கு 7200 சுற்று சுற்றும் ஹார்டு டிஸ்க்கில் இப்படி ஒரு வரி வருகிறது என்று வையுங்கள்: வினாடிக்குப் படிப்பு 22, எழுத்து 138, படித்த அளவு 352 கேபி, எழுதிய அளவு 1104 கேபி, படிப்பின் காத்திருப்பு 61 மில்லிவினாடி, எழுத்தின் காத்திருப்பு 212 மில்லிவினாடி, சராசரி வரிசை நீளம் 30.6, யூட்டில் 99.8 சதவீதம்.

எம்பி கணக்கை மட்டும் பார்ப்பவர் இங்கே ஏமாந்துபோவார். படிப்பும் எழுத்தும் சேர்ந்து வினாடிக்கு ஒன்றரை எம்பிகூட இல்லையே, இது என்ன திணறல் என்று நினைப்பார். ஆனால் 1104-ஐ 138-ஆல் வகுத்தால் ஒவ்வொரு எழுத்தும் 8 கேபி. இது டேட்டாபேஸ் பக்க அளவில், இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சிதறி விழும் எழுத்து. 7200 சுற்று டிஸ்க்கில் அரைச் சுற்றுக்கே சுமார் 4.2 மில்லிவினாடி ஆகும். தலை இடம் மாறுவதற்கு இன்னும் எட்டு, ஒன்பது மில்லிவினாடி. ஆக வினாடிக்கு 75, 80 சிதறல் கோரிக்கைகள்தான் இயல்பு. வரிசையை மாற்றி அடுக்கி, வழியில் இருப்பதை முதலில் முடித்துக்கொண்டு போவதால் 160 வரை வந்திருக்கிறது. பாவம், அது தன்னால் முடிந்த அளவு உழைக்கிறது.

இந்த வரி பொய் சொல்லவில்லை என்று சரிபார்க்கவும் ஒரு வழி உண்டு. 1961-இல் ஜான் லிட்டில் நிரூபித்த வரிசை விதி: வரிசையின் நீளம் என்பது வருகை வேகத்தைக் காத்திருப்பு நேரத்தால் பெருக்கியது. 22-ஐ 0.061-ஆல் பெருக்கினால் 1.3. 138-ஐ 0.212-ஆல் பெருக்கினால் 29.3. இரண்டும் சேர்ந்தால் 30.6, அதாவது திரையில் இருக்கும் அதே எண். வரிசை நீளத்தைத் தனியாகப் பார்த்துப் பயப்படத் தேவையில்லை. மற்ற எண்களுக்குள்ளேயே அது இருக்கிறது.

இப்போது ஒரு என்விஎம்இ டிஸ்க்கின் (பல கோரிக்கைகளை ஒரே நேரத்தில் கையாளும் வேகமான எஸ்எஸ்டி) வரியைப் பாருங்கள். வினாடிக்குப் படிப்பு 41,000, ஒவ்வொன்றும் 4 கேபி, காத்திருப்பு 0.09 மில்லிவினாடி, வரிசை 3.69, யூட்டில் 100. இரண்டு டிஸ்க்குக்கும் யூட்டில் ஏறக்குறைய ஒன்றுதான். ஒன்று மூச்சுத் திணறுகிறது, இன்னொன்று விசில் அடித்துக்கொண்டு வேலை பார்க்கிறது.

யூட்டில் என்ற எண் உண்மையில் சொல்வது "இந்த ஒரு வினாடியில் எவ்வளவு நேரம் குறைந்தது ஒரு கோரிக்கையாவது கையில் இருந்தது" என்பதை மட்டும்தான். ஒரே கவுண்டர் உள்ள கடையில் கவுண்டர் நாள் முழுக்க காலியாகவே இல்லை என்றால் கடை நிரம்பிவிட்டது என்று அர்த்தம். நூறு கவுண்டர் உள்ள கடையில் ஏதோ ஒரு கவுண்டரிலாவது ஆள் இருந்துகொண்டே இருக்கிறார் என்றால் அதற்கு ஒரு அர்த்தமும் இல்லை. சாட்டா ஏஎச்சிஐ என்ற பழைய இணைப்பு முறையில் ஒரே வரிசை, அதில் 32 கட்டளை. என்விஎம்இ விதிமுறையோ 64 ஆயிரத்துக்கும் மேல் வரிசைகளை அனுமதிக்கிறது, ஒவ்வொன்றிலும் அதே அளவு கட்டளைகளோடு. எஸ்எஸ்டி, ரெய்டு (பல டிஸ்க்குகளை ஒன்றாகக் கட்டியது) போன்றவற்றுக்கு யூட்டில் அவற்றின் எல்லையைக் காட்டாது என்று ஐஓஸ்டாட்டின் கையேடே எழுதிவைத்திருக்கிறது. இருந்தும் எச்சரிக்கை மெயில்கள் இன்றும் "யூட்டில் 90-ஐத் தாண்டியது" என்றே வந்துகொண்டிருக்கின்றன. இதே மாதிரி எஸ்விசிடிஎம் என்று ஒரு நெடுவரிசை இருந்தது. அதை நம்பாதீர்கள், எடுத்துவிடப் போகிறோம் என்று கையேட்டில் ரொம்ப நாள் எழுதியிருந்தார்கள். புதிய பதிப்புகளில் எடுத்தும்விட்டார்கள். அதை வைத்துக் கணக்குப் போடும் பழைய ஸ்கிரிப்ட் உங்களிடம் இருந்தால் தூக்கிப் போட்டுவிடலாம்.

எஸ்எஸ்டியில் பார்க்க வேண்டியது காத்திருப்பு நேரம். அதுவும் படிப்பையும் எழுத்தையும் தனித்தனியாக. வழக்கமாக 0.1-இல் இருப்பது 3-க்கு ஏறிவிட்டால் யூட்டில் எதுவாக இருந்தாலும் ஏதோ நடக்கிறது. அதற்கு வழக்கமான எண் என்ன என்று முன்னாலேயே தெரிந்திருக்க வேண்டும். அதற்குப் பின்னால் வருகிறேன்.

இன்னொரு சின்ன விஷயம். எல்விஎம் (டிஸ்க் இடத்தைப் பகுதிகளாகப் பங்கிடும் அடுக்கு), ரெய்டு வைத்திருந்தால் ஐஓஸ்டாட்டில் எஸ்டிஏ, எம்டி0, டிஎம்-0 என்று ஒரே எழுத்து மூன்று அடுக்கிலும் தெரியும். கூட்டிவிடக் கூடாது. டிஎம்-0 எது என்று புரியாவிட்டால் -என் சேர்த்தால் வைத்த பெயரோடு காட்டும்.

யார் செய்வது? ஐஓடாப்பும் பிஐடிஸ்டாட்டும்

ஐஓஸ்டாட்டிடம் ஒரே ஒரு பெரிய குறை: டிஸ்க் பெயர் சொல்லும், ஆள் பெயர் சொல்லாது. அதற்கு ஐஓடாப். டாப் மாதிரியே ஓடும், அதிகம் படிப்பவர் எழுதுபவர் மேலே வருவார். ரூட் உரிமை வேண்டும். -ஓ போட்டால் இப்போது டிஸ்க்கைத் தொடுகிறவர்கள் மட்டும் தெரிவார்கள். -ஏ போட்டால் ஓட்ட ஆரம்பித்ததிலிருந்து கூட்டிக்கொண்டே போகும். இந்த இரண்டாவது ரொம்ப உபயோகம். வினாடிக்கு வினாடி குதிக்கும் எண்களைத் துரத்துவதைவிட, ஓடவிட்டு ஒரு தேநீர் குடித்துவிட்டு வந்து பார்த்தால் யார் அதிகம் தின்றிருக்கிறார் என்று தெளிவாக இருக்கும். பழைய ஐஓடாப் பைத்தானில் எழுதியது. சி மொழியில் எழுதிய ஐஓடாப்-சி இப்போது பல இடங்களில் கிடைக்கிறது. ஏற்கெனவே திணறும் கணினியில் பைத்தானைத் தூக்கி நிறுத்துவதைவிட அது இலகு.

புதிய கெர்னலில் ஐஓடாப்பின் "ஐஓ" சதவீத நெடுவரிசை காலியாக இருக்கிறதே என்று குழம்புபவர்களுக்கு: 5.14-இலிருந்து அந்தத் தாமதக் கணக்கெடுப்பு இயல்பாக அணைந்திருக்கும். கெர்னல்.டாஸ்க்_டிலேஅக்ட் என்ற சிஸ்சிடிஎல் மதிப்பை 1 ஆக்கினால் வந்துவிடும்.

பிஐடிஸ்டாட் -டி 1 என்பது இதற்கு மாற்று. அதே சிஸ்ஸ்டாட் தொகுப்பு, அதனால் ஐஓஸ்டாட் இருக்கும் இடத்தில் இதுவும் இருக்கும். திரையை அழித்து அழித்து வரையாமல் வரிவரியாக எழுதிக்கொண்டே போவதால் கோப்பில் பிடித்து வைக்கவும் கிரெப் போடவும் இதுதான் வசதி. ஸ்கிரிப்டுக்குப் பிஐடிஸ்டாட், கண்ணால் பார்க்க ஐஓடாப்: நான் வைத்திருக்கும் பங்கீடு இது.

இரண்டுக்கும் ஒரு பொதுவான பொறி உண்டு. ஒரு ப்ராசஸ் எழுதும்போது பெரும்பாலும் அது டிஸ்க்குக்குப் போவதில்லை. மெமரியில் பேஜ் கேஷில் விழுகிறது. கெர்னலின் பின்னணி ஆள் ஐந்து வினாடிக்கு ஒருமுறை எழுந்து, 30 வினாடிக்கு மேல் பழசான அழுக்குப் பக்கங்களை டிஸ்க்குக்குத் தள்ளுகிறார்; இவை இயல்பான அமைப்பு எண்கள். பிஐடிஸ்டாட் எழுத்தை அந்தப் ப்ராசஸின் கணக்கில் எழுதுவது பக்கம் அழுக்காகும்போது. ஐஓஸ்டாட் எண்ணுவது டிஸ்க்குக்குப் போகும்போது. அதனால் பத்து மணிக்கு ஒரு ப்ராசஸ் 2 ஜிபி எழுதியதாகப் பிஐடிஸ்டாட் சொல்லும்போது டிஸ்க் அமைதியாக இருக்கும். அரை நிமிடம் கழித்து டிஸ்க் அலறும்போது பிஐடிஸ்டாட்டில் ஒருவரும் இருக்கமாட்டார், கேவொர்க்கர் என்று ஏதோ ஒன்றுதான் ஐஓடாப்பில் நிற்கும். கேவொர்க்கரைத் திட்டிப் பயனில்லை. அவர் கூரியர்காரர், பார்சல் அனுப்பியவர் வேறு. எழுதிவிட்டு, டிஸ்க்குக்குப் போகும் முன்பே கோப்பை அழித்துவிட்டால் அந்த எழுத்து நடக்கவே இல்லை என்று ஆகிவிடும்; பிஐடிஸ்டாட்டில் சிசிடபிள்யூஆர் என்ற நெடுவரிசை அந்த ரத்தான எழுத்தைத்தான் காட்டுகிறது. தற்காலிகக் கோப்புகளை அடிக்கடி உருவாக்கி அழிக்கும் நிரல்களில் இதைக் கழித்துப் பார்க்க வேண்டும்.

படிப்பில் இந்தச் சிக்கல் கிட்டத்தட்ட இல்லை. கேட்டவர் அங்கேயே நின்று வாங்கிக்கொண்டு போகிறார், பெயர் சரியாகவே விழும்.

நாம் இல்லாத நேரம்: சாரும் ஏடாப்பும்

மேலே சொன்ன எல்லாமே நாம் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தால்தான். டிஸ்க் பிரச்சினைகளோ நாம் தூங்கும்போது வருவதில் கெட்டிக்காரத்தனம் காட்டுபவை. ராத்திரி இரண்டு மணிக்குத்தான் பேக்கப், லாக் சுருக்கல், இன்டெக்ஸ் கட்டுதல் என்று சகல வேலைகளையும் நாம் போட்டுவைத்திருக்கிறோமே.

இங்கே முதலில் வருவது சார். பெயரிலேயே ஒரு மரியாதை. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை சிஸ்டத்தின் எண்களை எடுத்துப் பதிவு செய்யும். சார் -டி என்றால் டிஸ்க் பகுதி. டெபியன் வகைகளில் /வார்/லாக்/சிஸ்ஸ்டாட், ரெட்ஹாட் வகைகளில் /வார்/லாக்/எஸ்ஏ என்ற இடத்தில் நாளுக்கு ஒரு கோப்பு. டெபியனில் நிறுவினால் மட்டும் போதாது. /இடிசி/டீஃபால்ட்/சிஸ்ஸ்டாட் கோப்பில் அதை இயக்கு என்று மாற்றியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நிறுவிவிட்டோம் என்ற நிம்மதியில் மூன்று மாதம் கழித்துத் திறந்தால் காலிக் கோப்புறை இருக்கும். அந்த நேரத்து முகத்தைக் கண்ணாடியில் பார்க்கக் கூடாது.

சார் மிக இலகு. பழைய, சின்ன கணினிகளிலும் உறுத்தாது, மாதக்கணக்கில் வைத்துக்கொள்ளலாம். ஆனால் இரண்டு குறைகள். ஒன்று, பத்து நிமிடச் சராசரி: 90 வினாடி முழுத் திணறல் நடந்து மீதி நேரம் சும்மா இருந்தால் யூட்டில் 15 சதவீதம் என்று எழுதிவைக்கும். இடைவெளியை ஒரு நிமிடமாகக் குறைத்தால் இது ஓரளவு சரியாகும். இன்னொன்று குறைக்க முடியாதது: டிஸ்க் பெயர் இருக்கும், ப்ராசஸ் பெயர் இருக்காது.

இந்த இரண்டாவது குறைக்கு நான் விலை கொடுத்திருக்கிறேன். ஒரு டேட்டாபேஸ் சர்வர் தினமும் ராத்திரி 2:10-க்குச் சில நிமிடம் இழுத்தது. காலையில் ஐஓஸ்டாட்டில் ஒன்றுமில்லை. சார் கோப்பைத் திறந்தால் 2:20 வரியில் காத்திருப்பு நேரம் மட்டும் பல மடங்கு ஏறியிருந்தது. படிப்புதான் அதிகம், எழுத்து இல்லை. பேக்கப்தான் என்று முடிவு கட்டினேன். அதை நாலு மணிக்கு மாற்றினேன். மறுநாளும் அதே 2:10. பேக்கப்பின் வேகத்துக்குக் கடிவாளம் போட்டேன். அப்போதும் அதே 2:10. மூன்றாம் நாள்தான் ஏடாப் போட்டு, இடைவெளியை 60 வினாடியாக வைத்துவிட்டுப் படுத்தேன். காலையில் திறந்தால் 2:11 பக்கத்தில் முதல் ஆளாக டியு நிற்கிறது. லட்சக்கணக்கான சின்னக் கோப்புகள் கிடந்த ஒரு கோப்புறையை, ஒவ்வொன்றாகத் தொட்டு எவ்வளவு இடம் பிடித்திருக்கிறது என்று கணக்கெடுத்துக்கொண்டிருந்தது. டிஸ்க் நிரம்புகிறதா என்று கண்காணிக்க ஆறு மாதத்துக்கு முன்னால் நானே எழுதி, நானே மறந்துபோன ஸ்கிரிப்ட். டிஸ்க்கைக் காக்கப் போட்ட காவலாளிதான் டிஸ்க்கைக் கொன்றிருக்கிறான்.

ஏடாப் செய்வது இதுதான்: சாரைப் போலப் பதிவு செய்யும், கூடவே அந்த நேரத்தில் இருந்த ப்ராசஸ்களையும் சேர்த்துப் பதிவு செய்யும். ஏடாப் -ஆர் என்று கோப்பைத் திறந்தால் அன்றைய திரையே அப்படியே வரும். டி அழுத்தினால் அடுத்த இடைவெளிக்குப் போகலாம், பெரிய டி அழுத்தினால் பின்னால் வரலாம். -பி 02:00 என்று கொடுத்தால் நேராக அந்த நேரத்தில் இறங்கலாம். இயல்பாக 600 வினாடி இடைவெளி, 28 நாள் சேமிப்பு.

இதற்கு விலை டிஸ்க் இடம். நூற்றுக்கணக்கான ப்ராசஸ் ஓடும் கணினியில் நிமிடத்துக்கு ஒருமுறை பதிந்தால் கோப்பு வேகமாகப் பெருக்கும். 28 நாளை ஏழாகக் குறைப்பது நல்லது. பதிப்பு மாறினால் பழைய கோப்பைப் புதிய ஏடாப் நேரடியாகப் படிக்காமல் போகலாம், அதற்கு ஏடாப்கன்வர்ட் என்று ஒரு துணைக்கருவி இருக்கிறது. அப்புறம், டிஸ்க் வரியைச் சிவப்பாக்குவது அதே பழைய யூட்டில் எண்தான், இயல்பாக 70 சதவீதத்தில். என்விஎம்இ கணினியில் அது வேண்டாத சிவப்பு.

ஆக சாரா, ஏடாப்பா? ஒன்றுதான் போடலாம் என்றால் ஏடாப். கூட்டத்தில் யார் என்று தெரியாத எண், பாதி எண். இடம் ரொம்ப நெருக்கடியான கணினி, அல்லது ஆறு மாதத்தில் டிஸ்க் பயன்பாடு எப்படி ஏறியது என்ற போக்கு வேண்டும் என்றால் மட்டும் சார். இரண்டையும் போட்டாலும் ஒன்றும் குடி முழுகிவிடாது: சாரை மாதக் கணக்குக்கு, ஏடாப்பை வாரக் கணக்குக்கு.

டிஸ்டாட் என்று ஒரு பழைய நண்பரைச் சிலர் இன்னும் விடாமல் வைத்திருப்பார்கள். வண்ணமாக, அழகாக ஒரே வரியில் எல்லாம் காட்டும். அதன் வளர்ச்சி நின்றுவிட்டது. புதிதாக ஆரம்பிப்பவர்கள் அந்தப் பக்கம் போக வேண்டியதில்லை. அதே தோற்றம் வேண்டும் என்றால் டூல் என்ற கிளை இருக்கிறது.

சராசரி ஒளித்துவைப்பது

ஐஓஸ்டாட்டில் எல்லாம் சரி, ஏடாப்பில் எல்லாம் சரி, ஆனாலும் பயனர்கள் "சில நேரம் மட்டும் மாட்டிக்கொள்கிறது" என்கிறார்கள். இந்த இடத்துக்குக் கணக்குதான் வழி. ஒரு வினாடியில் 10,000 படிப்பு என்று வைத்துக்கொள்வோம். 9,900 படிப்பு 0.1 மில்லிவினாடியில் முடிகிறது, மீதி 100 படிப்பு 12 மில்லிவினாடி எடுக்கிறது. சராசரி என்ன? 0.22 மில்லிவினாடி. யாரும் புருவம்கூட உயர்த்தமாட்டார்கள். ஆனால் ஒரு பக்கத்தைக் காட்ட ஒன்றன்பின் ஒன்றாக 50 படிப்பு தேவை என்றால், அந்த 50-இல் ஒன்றாவது அந்த மெதுவான கூட்டத்தில் சிக்கும் வாய்ப்பு ஏறக்குறைய 40 சதவீதம். பயனர் பொய் சொல்லவில்லை, சராசரிதான் சொல்கிறது.

இதற்குத் தேவை பரவல் வரைபடம் (ஹிஸ்டோகிராம்). கெர்னலுக்குள் நடப்பதை அளக்கும் பிசிசி தொகுப்பில் இருக்கும் பயோலேட்டன்சி ஒவ்வொரு கோரிக்கையையும் அளந்து, மைக்ரோவினாடியில் இரட்டிப்பு இரட்டிப்பாகப் பெட்டி போட்டு, எந்தப் பெட்டியில் எத்தனை விழுந்தது என்று நட்சத்திரக் கோடாகக் காட்டும். மேலே சொன்ன கணினியில் ஓட்டினால் 64 முதல் 127 வரையான பெட்டியில் ஒரு பெரிய மலை, 8192 முதல் 16383 வரையான பெட்டியில் ஒரு சின்ன மேடு. நடுவில் வெட்டவெளி. அந்த 0.22 என்ற சராசரி விழுகிற இடத்தில் ஒரு கோரிக்கைகூட இல்லை. சாதாரணமாக ஓட்டினால் டிஸ்க்கிடம் போய் வந்த நேரத்தை மட்டும் அளக்கும்; -க்யூ போட்டால் கெர்னல் வரிசையில் நின்ற நேரத்தையும் சேர்க்கும். இரண்டையும் ஒன்றுக்குப் பின் ஒன்றாக ஓட்டி வித்தியாசத்தைப் பாருங்கள்: வித்தியாசம் பெரிதாக இருந்தால் வரிசை நீளம், டிஸ்க்கைத் திட்ட வேண்டாம், இல்லையென்றால் டிஸ்க்தான் மெதுவாகப் பதில் சொல்கிறது. ஐஓஸ்டாட்டின் காத்திருப்பு நேரத்தில் இந்த இரண்டும் பிரிக்க முடியாதபடி கலந்திருக்கும்.

அதே தொகுப்பில் பயோஸ்னூப் ஒவ்வொரு கோரிக்கையையும் ஒரு வரியாக, ப்ராசஸ் பெயரோடு அச்சிடும். ஈஎக்ஸ்டி4ஸ்லோயர் என்பது டிஸ்க்குக்கு ஒரு படி மேலே, கோப்பு முறையிலிருந்து பார்த்து, 10 மில்லிவினாடிக்கு மேல் எடுத்தவற்றை மட்டும் கோப்புப் பெயரோடு காட்டும். பயன்பாட்டு நிரல் உணர்வது அந்த மேல் படியைத்தான் என்பதால், பல நேரம் அது பயோஸ்னூப்பைவிடச் சீக்கிரம் விடை தரும்.

இவ்வளவு நல்லது என்றால் ஏன் முதலிலேயே இதை எடுக்கவில்லை? ரூட் வேண்டும், கெர்னலுக்குப் பொருத்தமான ஹெடர்கள் வேண்டும், பழைய கெர்னலில் ஓடாது, கன்டெய்னருக்குள் இருந்து பெரும்பாலும் முடியாது. லட்சக்கணக்கில் கோரிக்கை போகும் கணினியில் அளப்பதற்கே கொஞ்சம் சிபியு செலவாகும். அரை நிமிடம் ஓட்டிவிட்டு நிறுத்தும் கருவி இது. ஜென்ஸ் ஆக்ஸ்போ எழுதிய பிஎல்கேட்ரேஸ் இதற்கும் முந்தியது, இன்னும் ஆழமானது. ஆனால் பதிவுகள் மலைபோலக் குவியும். கெர்னலிலேயே வேலை பார்க்காதவர்களுக்கு அது தேவைப்படும் நாள் அரிது.

வாசலில் இருந்து பார்க்க

விஎம்ஸ்டாட் 1 ஓட்டினால் பி என்ற நெடுவரிசையில் டிஸ்க்குக்காகத் தூங்கும் ப்ராசஸ் எண்ணிக்கை வரும். எதையும் நிறுவாமலே பெரும்பாலும் கிடைக்கும் என்பது இதன் பலம். டபிள்யூஏ நெடுவரிசையை மட்டும் அளவுக்கு மீறி நம்ப வேண்டாம். அது "சிபியு சும்மா இருந்தது, அப்போது ஏதோ ஒரு ஐஓ பாக்கி இருந்தது" என்ற நேரம். சிபியுவுக்கு வேறு வேலை கொடுத்துவிட்டால் டிஸ்க் அதே அளவு திணறினாலும் டபிள்யூஏ பூஜ்யத்துக்கு இறங்கிவிடும்.

இந்தக் குறைக்குப் பதிலாகத்தான் 2018 டிசம்பரில் வந்த கெர்னல் 4.20-இல் பிஎஸ்ஐ (பிரஷர் ஸ்டால் இன்ஃபர்மேஷன்) சேர்ந்தது. /ப்ராக்/பிரஷர்/ஐஓ என்ற கோப்பைக் கேட் செய்தால் இரண்டே வரி: சம், ஃபுல். சம் வரியில் கடைசி 10 வினாடிச் சராசரி 42 என்றால், அந்த நேரத்தில் 42 சதவீதம் குறைந்தது ஒரு ப்ராசஸாவது ஐஓவுக்காக முடங்கி நின்றது என்று பொருள். ஃபுல் என்றால் வேலை இருந்த எல்லோருமே நின்றார்கள். டிஸ்க்கின் வகை எதுவானாலும் இந்த எண்ணுக்குப் பொருள் ஒன்றுதான். யூட்டிலை வைத்து எச்சரிக்கை மெயில் அனுப்புகிறவர்கள் இதற்கு மாறினால் பாதி ராத்திரித் தூக்கம் மிஞ்சும். சில விநியோகங்களில் பூட் வரியில் பிஎஸ்ஐ=1 என்று சேர்த்தால்தான் உயிர் பெறும்.

விண்டோஸும் மேக்கும்

விண்டோஸின் டாஸ்க் மேனேஜர் காட்டும் ஆக்டிவ் டைம் 100 சதவீதம் என்பதும் யூட்டிலின் அண்ணன்தான். அதே எச்சரிக்கை அதற்கும். பக்கத்தில் இருக்கும் சராசரிப் பதில் நேரத்தைப் பாருங்கள். விண்டோஸில் எனக்குப் பொறாமை தருவது ரிசோர்ஸ் மானிட்டர். டிஸ்க் தாவலைத் திறந்தால் எந்தப் ப்ராசஸ், எந்தக் கோப்பு, எத்தனை மில்லிவினாடி என்று ஒரே வரியில் வருகிறது. லினக்ஸில் இதற்கு ட்ரேசிங்வரை போக வேண்டும். பதிவு செய்து வைக்க வேண்டும் என்றால் பெர்ஃபார்மன்ஸ் மானிட்டர். அதில் ஆவரேஜ் டிஸ்க் செக்/ரீட் என்ற கவுண்டர் வினாடியில் இருப்பதை மறக்கக் கூடாது, 0.012 என்றால் 12 மில்லிவினாடி. சதவீத டிஸ்க் டைம் 100-ஐத் தாண்டியும் போகும், ஆகவே ஐடில் டைம் சதவீதமே நம்பகம். விண்டோஸ் சர்வரில் டாஸ்க் மேனேஜரில் டிஸ்க்கே தெரியவில்லை என்றால் டிஸ்க்பெர்ஃப் -ஒய் ஓட்ட வேண்டும்.

மேக்கில் ஆக்டிவிட்டி மானிட்டரின் டிஸ்க் தாவல் யார் எவ்வளவு என்று சொல்லும். அங்கிருக்கும் ஐஓஸ்டாட்டில் காத்திருப்பு நேரமே கிடையாது. எஃப்எஸ்_யூசேஜ் ஆழமாகக் காட்டும், ஆனால் அருவிபோலக் கொட்டும்.

பல கணினிகள் என்றால்

பத்துக்கு மேல் போய்விட்டால் ஒவ்வொன்றிலும் நுழைந்து பார்ப்பது நடக்காத காரியம். ப்ரோமீதியஸும் அதன் நோட் எக்ஸ்போர்ட்டரும் அதே டிஸ்க்ஸ்டாட்ஸ் கிணற்று நீரைக் குழாய் வழியாக ஓரிடத்துக்குக் கொண்டுவருகின்றன. வழக்கமான காத்திருப்பு எண் என்ன என்ற கேள்விக்கு விடை இங்கேதான் கிடைக்கும்: மூன்று வாரக் கோட்டைப் பார்த்தால் எது இயல்பு, எது விபரீதம் என்று கண்ணுக்கே தெரியும். படிப்புக்குச் செலவான நேரத்தின் ஏற்றத்தைப் படிப்பு எண்ணிக்கையின் ஏற்றத்தால் வகுத்துக் கோடு போடுங்கள். யூட்டில் கோட்டை வேண்டுமானால் கடைசி மூலையில் வையுங்கள். 15 வினாடி, ஒரு நிமிடம் என்று எடுக்கும் இடைவெளியில் ஒரு வினாடிக் கூர்முனைகள் மழுங்கிவிடும். நெட்டேட்டா வினாடிக்கு ஒருமுறை எடுக்கிறது. ஒற்றைக் கணினிக்கு, கட்டளை வரி பழகாதவருக்கு, ஐந்து நிமிடத்தில் வரைபடம் வேண்டும் என்றால் அதைத்தான் சொல்வேன்.

வாடகைக்கு எடுத்த மெய்நிகர் கணினிகளில் டிஸ்க் எங்கோ நெட்வொர்க்குக்கு அப்பால் இருக்கும். அங்கே வரம்பு வைப்பது இரும்பு இல்லை, ஒப்பந்தம். அதைக் கண்டுபிடிக்கும் அடையாளம் சுலபம். இரும்பு திணறும்போது கோடு மேலும் கீழும் ஆடும். ஒப்பந்தம் தடுக்கும்போது வினாடிக்குக் கோரிக்கை எண்ணிக்கை 3000 போல ஒரு முழு எண்ணைத் தொட்டு, ஸ்கேல் வைத்துப் போட்டதுபோல நேராக ஓடும். காத்திருப்பு நேரம் மட்டும் ஏறும். அப்போது கருவி மாற்றிப் பிரயோஜனமில்லை, திட்டத்தை மாற்ற வேண்டும், இல்லை கோரிக்கையைக் குறைக்க வேண்டும்.

புதுக் கணினி கைக்கு வந்தால் முதல் நாளே ஏடாப்பைப் போட்டு இடைவெளியை 60, சேமிப்பை 7 நாள் என்று வைத்துவிடுகிறேன். சிஸ்ஸ்டாட்டையும் கூடவே நிறுவிவிடுகிறேன், ஐஓஸ்டாட்டும் பிஐடிஸ்டாட்டும் அதில் அடக்கம். பிசிசியையும் அன்றே நிறுவி, பயோலேட்டன்சி ஒருமுறை ஓடுகிறதா என்று பார்த்துவிடுவேன். டிஸ்க் முட்டிக்கொண்டு நிற்கும் ராத்திரியில் ஏபிடி இன்ஸ்டால் அடித்தால், அந்த நிறுவலும் அதே வரிசையின் கடைசியில் போய்த்தான் நிற்கும்.